மலாக்கா நகரச் சுற்றுலா

மலாக்கா நகரம் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், மலாக்கா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள வரலாற்றுத் துறைமுக நகரம் ஆகும். மலாக்கா மாநிலத்தின் தலைநகரமும் இதுவே. கோலாலம்பூரில் இருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2008 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள், பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்கள் பட்டியலில் இணைக்கப்பட்டது.

இந்நகரைக் காண வருவோரில் பெரும்பாலோர் கடலைத் தேடி ஏமாறுவர். பழைய கோட்டை வாயிலுக்கு முன்னர் இன்று இருப்பவை வணிக வளாகங்களும் தங்கு விடுதிகளும் ஆகும். இவை நிற்கும் நிலம் 1970களில் இருந்து கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. ஆகவே பழைய கரை எங்கே இருந்தது என்பதை அறிந்துகொண்டு நடந்தால் மட்டுமே இந்நகரின் கட்டடங்கள் ஏன் அவ்வவ்விடத்தில் நிற்கின்றன என்பது விளங்கும்.

வரலாற்றுச் சுருக்கம்

15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரமேசுவரா இந்நகரை நிறுவினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். பருவக்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் அமைந்திருந்ததால், மேற்கில் இருந்து வந்த குசராத்தி, தமிழ், வங்காள வணிகர்களும் கிழக்கில் இருந்து வந்த சீன, சாவக வணிகர்களும் காற்றுத் திரும்பும் வரை இங்கே தங்கிச் சரக்குகளை மாற்றிக்கொண்டனர். வணிகர்களைக் கவனிக்க சபந்தர் என்னும் துறைமுகத் தலைவர்கள் நால்வர் இருந்தனர். இங்கு 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துக்கீசரான தொமே பிரெசு எழுதியுள்ளார்.

1511 இல் அபொன்சோ டி அல்புகெர்க் நகரைக் கைப்பற்றினார். 1641 இல் டச்சுக்காரர்களும், 1824 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் ஆங்கிலேயரும் நகரைப் பெற்றனர். போர்த்துக்கீசர் வந்த காலத்தில் இங்கு வாழ்ந்த தமிழ் வணிகர் ஒருவரை அவர்களுடைய ஆவணங்கள் நினா சாத்து எனக் குறிப்பிடுகின்றன. சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசருக்கு உதவிய அவருக்குப் பெண்டாரா என்னும் உயர் பதவி அளிக்கப்பட்டது. 1514 இல் அப்பதவி அவரிடம் இருந்து எடுக்கப்பட்டபோது தீயில் புகுந்து உயிர்விட்டார். அவருக்கு நகரில் நினைவுச் சின்னம் எதுவும் பயணிகளின் கண்ணில் படுவதில்லை.

புனித பவுல் குன்று

நகர உலாவை இக்குன்றில் இருந்து தொடங்குவது நன்று. உச்சியில் கூரையற்று நிற்கும் புனித பவுல் தேவாலயம் 1521 இல் போர்த்துக்கீசரால் சிற்றாலயமாகக் கட்டப்பட்டது. புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553 இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படும் முன்னர் இங்கே சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. தேவாலயத்தின் முன் உள்ள அவரது சிலைக்கு வலக்கை இல்லை. மரம் விழுந்து முறிந்தது என்கின்றனர். அவரது உடலில் இருந்தும் வலக்கை பிற்காலத்தில் பிரிக்கப்பட்டது என்பதால் இதனைப் பலர் வியப்புடன் சொல்வர்.

உட்சுவர்களில் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை டச்சுக் காலத்தவை. குன்றின் மேற்குப் பக்கம் நின்று பார்த்தால் முன்னர் அலை அடித்த இடம் முழுவதும் கூரைகளாகத் தெரியும். நீரிணை அவற்றுக்கு அப்பால் ஒரு கோடு போலக் காணப்படும். தேவாலயத்தின் முன் ஆங்கிலேயர் கட்டிய வெண்ணிறக் கலங்கரை விளக்கு நிற்கின்றது. கப்பலுக்கு வழிகாட்டக் கட்டப்பட்ட ஒன்று இவ்வளவு உள்நிலத்தில் நிற்பதே கடல் எவ்வளவு விலகியுள்ளது என்பதற்குச் சான்றாகும்.

கோட்டை வாயில்

குன்றின் அடிவாரத்தில் உள்ள சந்தியாகு வாயில், அ பமோசா என்னும் போர்த்துக்கீசக் கோட்டையில் எஞ்சிய பகுதியாகும். வாயிலின் மேல் உள்ள சின்னம் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்துடையது. அதில் 1670 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. கோட்டையை இடித்தவர்கள் பகைவர்கள் அல்லர். அப்போது நகரைத் தற்காலிகமாக வைத்திருந்த ஆங்கிலேயர், அது மீண்டும் பிறர் கைக்குப் போனால் பயன்படக்கூடாது என்று கருதி, 1807 இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் தலையிட்டதால் இவ்வாயில் தப்பியது.

2006 இல் ஆற்றின் அருகே சுழலும் கோபுரம் ஒன்றுக்கு நிலம் தோண்டியபோது கோட்டையின் மிடில்பர்க் கொத்தளத்தின் அடிப்பகுதி வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு 2008 இல் திறக்கப்பட்டது. அதுவே 110 மீட்டர் உயரமுள்ள தாமிங் சாரி கோபுரம். கொத்தளம் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டுள்ளது. இன்று காண்பதில் மேற்பகுதி புதிய வேலை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

வாயிலுக்கு அருகில் உள்ள சுல்தான் அரண்மனையும் 1980களில் மலாய் வரலாற்று நூலின் விவரிப்பைக் கொண்டு மரத்தால் கட்டப்பட்ட மாதிரியே ஆகும். ஆற்றங்கரையில் உள்ள கடல்சார் அருங்காட்சியகம் புளோர் டி லா மார் என்னும் கப்பலின் வடிவில் அமைக்கப்பட்டுள்ளது. மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்துடன் சென்ற அக்கப்பல் 1511 இல் சுமாத்திராவுக்கு அருகே மூழ்கியது. எதிரே உள்ள விடுதலை அறிவிப்பு நினைவகம் 1912 இல் கட்டப்பட்ட பழைய மலாக்கா மன்றக் கட்டடமாகும். மலாயாவின் விடுதலை நாளை துங்கு அப்துல் ரகுமான் 1956 பெப்ரவரி 20 அன்று இதன் அருகில் உள்ள திடலிலேயே அறிவித்தார்.

டச்சுச் சதுக்கம்

செந்நிறக் கட்டடங்களால் இது செஞ்சதுக்கம் எனவும் அழைக்கப்படும். ஸ்டாட்ஹைஸ் எனப்படும் நகர மண்டபம் 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. இப்போது வரலாற்று அருங்காட்சியகமாக உள்ளது. அடுத்துள்ள கிறித்து தேவாலயத்துக்கு 1741 இல் அடிக்கல் இடப்பட்டு 1753 இல் வேலை முடிந்தது. அதன் விட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் இருந்து இணைப்பின்றி வெட்டப்பட்டவை. தரையில் போர்த்துக்கீச, ஆர்மீனிய எழுத்துகள் கொண்ட கல்லறைக் கற்களைக் காணலாம். இக்கட்டடங்கள் முன்னர் வெண்ணிறமாக இருந்தன. சிவப்பு நிறம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1886 இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு சீனக் குடும்பம் ஒன்றின் கொடையாகும்.

பிளாஸ்டிக் பூக்களும் விளக்குகளும் ஒலிபெருக்கியும் பூட்டிய மூன்று சக்கர மிதிவண்டிகள் இங்கே காத்திருக்கும். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிக்கொள்வது நலம்.

ஆற்றின் மறுகரை

பாலத்தைக் கடந்தால் வணிகர்கள் வாழ்ந்த பகுதி வரும். துன் தான் செங் லோக் தெரு, முன்னாளில் ஈரன் தெரு எனப்பட்டது. இங்குள்ள வீடுகள் முகப்பில் குறுகியவை. உள்ளே முற்றங்களுடன் மிக நீண்டு செல்பவை. கடற்பக்க வரிசை வீடுகளின் பின்வாசல் கடலை நோக்கித் திறந்தது. இப்போது அவற்றுக்குப் பின்னால் சாலையும் கடைகளும் உள்ளன. பாபா நியோனியா அருங்காட்சியகம் இத்தெருவில் உள்ளது. மலாய்ப் பழக்கங்களை ஏற்ற சீனக் குடும்பம் ஒன்றின் வீடு பொருட்களுடன் அப்படியே பேணப்படுகின்றது. அலங்காரம் இன்றிப் பழுதுபார்க்கப்பட்ட 8 ஆம் எண் வீட்டில் சுவரும் தளமும் கட்டப்பட்ட முறையைப் பார்க்கலாம்.

இணையாகச் செல்லும் ஜோங்கர் தெருவில் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் இரவுச் சந்தை கூடும். கூட்டத்தை விரும்பாதோர் வார நாளின் காலையில் செல்லலாம்.

இப்பகுதியில் நேரம் ஒதுக்கிக் காண வேண்டியது துக்காங் எமாஸ் தெருவும் அதன் தொடர்ச்சியான தோக்கோங் தெருவும் ஆகும். சில நிமிட நடையில் மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் வந்துவிடும். 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஊன் தெங், மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் சீனக் கோயில்களில் மிகப் பழையது. 1748 இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசலின் கூரை சுமாத்திரா முறையில் மூன்று அடுக்காக உள்ளது. அதன் மினாரா சீனப் பகோடாவை ஒத்தது. கிளிங் என்பது கலிங்கம் என்னும் பெயரில் இருந்து வந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறித்த சொல்லாகும். பிற்காலத்தில் அது இழிசொல்லாக மாறியது; இடப்பெயர்களில் மட்டும் பழைய பொருளில் தங்கியுள்ளது. 1781 இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில், மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. டச்சு அரசு வழங்கிய நிலத்தில் செட்டிகளின் தலைவர் இதனைக் கட்டினார்.

கம்போங் செட்டி

நகர மையத்தில் இருந்து சற்று வடக்கே, காஜா பெராங் பகுதியில் மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு உள்ளது. சுல்தானகக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் தோன்றிய சமூகம் இது. பிற்காலத்தில் வட்டித் தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்களுடைய வீட்டு மொழி தமிழ்ச் சொற்கள் கலந்த ஒருவகை மலாய், உடை சாரோங்கும் கெபாயாவும், சமயமோ சைவம். போகி நாளில் வாழையிலை விரித்து மூதாதையருக்குப் படையல் இடுவர். 1822 ஆம் ஆண்டைச் சேர்ந்த முத்து மாரியம்மன் கோயிலில் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் திருவிழா டத்தோ சாச்சார் எனப்படுகின்றது. மலாயில் சாச்சார் என்றால் அம்மை நோய். மொழி போனாலும் மாரியம்மனை அம்மையுடன் சேர்த்து எண்ணும் வழக்கம் போகவில்லை.

இங்கு ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. 2010களில் குடியிருப்பை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தைக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தனர். தமிழ்நாட்டில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வருவோர் பலர் இவ்விடத்தைக் காணாமலேயே திரும்பிவிடுகின்றனர்.

சீனக் குன்று

புக்கிட் சீனா என்னும் இக்குன்றில் 12,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. 1984 இல் மாநில அரசு இதனைச் சமப்படுத்தி, மண்ணைக் கடல் தூர்ப்புக்குப் பயன்படுத்தத் திட்டமிட்டது. சீனச் சமூகத்தினரின் கடும் எதிர்ப்பால் திட்டம் கைவிடப்பட்டது. இன்று நகர மக்கள் காலை நடைக்கு இங்கே வருகின்றனர்.

போர்த்துக்கீசக் குடியிருப்பு

நகருக்குக் கிழக்கே உஜோங் பாசிர் கடற்கரையில், போர்த்துக்கீச வழித்தோன்றல்களான மீனவர்களுக்காகக் கத்தோலிக்கக் குருக்கள் இருவரின் முயற்சியால் 1930களில் இக்குடியிருப்பு அமைக்கப்பட்டது. இவர்கள் பேசும் கிறிஸ்தாங் மொழி அருகிவரும் மொழியாகும். ஜூன் 29 ஆம் நாளை ஒட்டி நடக்கும் புனித பேதுரு விழாவில் படகுகளை அலங்கரித்து மந்திரிப்பர்.

கெராகாவ் எனப்படும் பொடி இறாலை, மார்பளவு நீரில் நடந்து வலையைத் தள்ளிப் பிடிப்பது இவர்களின் மரபுத் தொழில். இவ்விறாலைக் கொண்டே சிஞ்சாலோக் என்னும் ஊறலும் பெலாச்சான் என்னும் இறால் பசையும் செய்வர். ஆழமற்ற சேற்றுக் கரை இல்லாவிட்டால் இத்தொழில் இல்லை. கடல் தூர்ப்பால் அக்கரையே மறைந்து வருகின்றது. 2014 இல் செயற்கைத் தீவுகள் அமைக்கும் மலாக்கா கேட்வே திட்டம் தொடங்கப்பட்டது. 2020 இல் மாநில அரசு அதன் ஒப்பந்தத்தை நீக்கியது. பின்னர் அதனை மீண்டும் தொடரும் முயற்சிகள் நடந்தன. இங்குள்ள உணவகங்களில் மாலையில் மீன் உண்ண வருவோர், அது எங்கே பிடிக்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்கலாம்.

முன்னதாகத் தூர்க்கப்பட்ட மலாக்காத் தீவில் 2006 இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசல் தூண்கள் மேல் நிற்கின்றது. நீர் ஏறும் வேளையில் மிதப்பது போலத் தோன்றும். கடலைப் பார்த்தபடி மாலைக் கதிரவனைக் காண இதுவே வசதியான இடம்.

உணவு

உருண்டையாகப் பிடித்த சோற்றுடன் தரும் ஐனானியக் கோழிச் சோறு, புளிப்பும் காரமும் மிகுந்த அசாம் பெடாஸ் மீன் குழம்பு, நியோனியா லக்சா ஆகியவை பெயர் பெற்றவை. செண்டோலில் ஊற்றும் குலா மலாக்கா என்பது தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சிய வெல்லமாகும்.

போக்குவரத்து

கோலாலம்பூரின் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்தில் இருந்து மலாக்கா சென்ட்ரல் வரை பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சிங்கப்பூரில் இருந்தும் பேருந்துகள் உள்ளன. பழைய நகரை நடந்தே பார்க்கலாம். வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் குன்றுகளுக்குக் காலையிலும், ஆற்றுப் படகுப் பயணத்துக்கு மாலையிலும் செல்வது ஏற்றது. படகு, மரபு மலாய் வீடுகள் நிறைந்த கம்போங் மோர்த்தனைக் கடந்து செல்லும்.

நகருக்குத் தொடருந்துச் சேவை இல்லை. அருகில் உள்ள நிலையம் தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் ஆகும். அங்கிருந்து மலாக்காவுக்கு முன்னர் ஒரு கிளைப் பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மாண்டது அப்பாதையிலேயே. மலாக்காவின் கிளைப் பாதை பிறகு மீண்டும் போடப்படவில்லை.