அடைபட்ட துறைகள்: புத்தளக் கரையும் கண்டி இராச்சியமும்

பகைவனின் வாணிகத்தை முடக்கி அவனைப் பணியவைக்கும் உபாயம் அண்மைக்கால அரசியலின் கண்டுபிடிப்பு எனக் கருதுவோர் உளர். 1806 ஆம் ஆண்டில் நெப்போலியன் ஐரோப்பியத் துறைகளைப் பிரித்தானியப் பண்டங்களுக்கு அடைத்தமையே அவர்கள் காட்டும் முதற் சான்றாகும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே புத்தளக் கரையில் இவ்வுபாயம் கையாளப்பட்டமையை நாம் இங்கு நோக்குவோம்.

பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி மன்னருக்கு மேற்கே புத்தளமும் கிழக்கே கொட்டியாரமும் கடல்வாயில்களாய் அமைந்தன. மலைநாட்டுப் பாக்கு புத்தளத்துக்கு வந்து, தோணிகளில் ஏறித் தென்னிந்தியக் கரையை அடைந்தது. அங்கிருந்து துணி வந்தது. இவ்வாணிகம் பெரிதும் சோனகர் கையிலிருந்தது. இவற்றுக்கு மேலாக உப்பு இருந்தது. மழை குறைந்த, ஆழமற்ற புத்தளக் களப்பின் ஓரங்களில் வெயிலே உப்பை விளைவித்தது. பொதிமாடுகள் அதை மலைக்குச் சுமந்தன. துணியின்றியும் ஓராண்டைக் கழிக்கலாம். உப்பின்றி மலைநாட்டு அடுப்பு எத்தனை நாள் எரியும்?

புத்தளக் களப்பு வடக்கு நோக்கித் திறப்பது. அவ்வாயிலருகே கற்பிட்டி உள்ளது. கற்பிட்டியைக் கைக்கொண்டவன் புத்தளத்துக்குச் செல்லும் தோணிகளைத் தன் விருப்பப்படி மறிக்கலாம் என்பதை ஒல்லாந்தர் நன்குணர்ந்தனர். 1667 ஆம் ஆண்டுக்கும் 1676 ஆம் ஆண்டுக்கும் இடையில் அவர்கள் அங்கு எழுப்பிய கோட்டை இவ்வுணர்வின் விளைவே. பாக்கு ஏற்றுமதியையும் துணி இறக்குமதியையும் தம் தனியுரிமையாக்கிக்கொண்டமையால், பாக்குக்கு விலை சொல்லும் வாய்ப்பு மலைநாட்டானிடமிருந்து அகன்றது. மன்னனின் வருவாயும் குன்றியது.

எனினும் இத்தடை ஒருபக்கக் கூர் மட்டும் கொண்ட வாளன்று. ஒல்லாந்தர் நாடிய கறுவாவின் பெரும்பகுதி கண்டி இராச்சியத்துக் காடுகளிலே வளர்ந்தது. மன்னன் எல்லைக் கடவைகளை மூடினால் கறுவா உரிப்போர் உள்ளே புக இயலாது. ஆகவே துறை அடைப்பும் கடவை அடைப்பும் மாறி மாறி நிகழ்ந்தன. அரசியலிலோ இதன் விளைவு ஒல்லாந்தர் வேண்டியதற்கு மாறாகவே அமைந்தது. மூச்சுமுட்டிய கண்டி அவர்களுக்குப் பணிவதை விட்டு அவர்தம் பகைவரைத் தேடிற்று. இரண்டாம் இராசசிங்கன் 1672 இல் பிரெஞ்சுக் கடற்படையைத் திருகோணமலையில் வரவேற்றான். கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1762 இல், சென்னையிலிருந்து ஆங்கிலத் தூதர் பைபஸ் கண்டிக்கு வந்தார்.

கண்டியோடு போர் மூண்டு, ஒல்லாந்தப் படை 1765 இல் தலைநகர்வரை சென்று மீண்டபின், 1766 பெப்ரவரி 14 ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர்க்காயிற்று; கண்டி கடலற்ற நாடாயிற்று. ஆனால் சிலாபம், புத்தளம் பகுதிகளின் உப்பளங்களில் மன்னனின் குடிகள் உப்பெடுக்க இசைவளிக்கப்பட்டது. இதனை வள்ளன்மை என எழுதுவோருடன் நாம் உடன்படோம். உரிமையாய் எடுத்த உப்பு அன்றுமுதல் மாற்றானின் இசைவால் எடுக்கும் உப்பாயிற்று. ஒல்லாந்தரோ பால்க் தேசாதிபதி காலத்திலேயே கரையோரத்தில் கறுவாத் தோட்டங்களை வளர்க்கத் தலைப்பட்டனர். வாளின் மறுபக்கக் கூரும் மழுங்கத் தொடங்கிற்று.

1796 இல் சென்னையில் ஆங்கிலேயர் வரைந்த உடன்படிக்கையில், உப்பும் கருவாடும் பெறக் கரையில் ஓரிடம் தரப்படும் என்றிருந்தது. கண்டி இழந்தது யாதென்பதை வேறெந்த ஆவணமும் இத்துணைச் சுருங்கச் சொல்லவில்லை. மன்னன் இராசாதி இராசசிங்கன் அதனை ஏற்கவில்லை.

1802 இல் ஆங்கிலேயரின் குடிகளான புத்தளச் சோனக வணிகர் கண்டி நாட்டிற் கொள்முதல் செய்த பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தனர். நோர்த் தேசாதிபதி இழப்பீடு கேட்டார். கிடைக்காமையால் 1803 இல் போர் தொடுத்தார். பாக்கு போருக்குச் சாட்டேயன்றிக் காரணமன்று. ஆயினும் ஒரு நூற்றாண்டு முழுதும் இரு அரசுகளும் எதை மறித்தனவோ, அதே பொதிகளே சாட்டாக வாய்த்தமை தற்செயலன்று. அவ்வாண்டு சூனில் கண்டியிலிருந்த ஆங்கிலக் காவற்படை அழிந்தது. 1815 வரை அமைதி உடன்படிக்கை எழுதப்படவில்லை. பொதிமாட்டோடு எல்லை கடக்கும் புத்தளத்து வணிகனை இரு பக்கத்தாரும் ஐயுற்றனர்.