இரண்டு லொறிகள், ஓர் இலக்கத் தகடு

போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சமர்களின் பெயர்களும் திகதிகளும் நூல்களில் இருக்கின்றன. அக்காலத்தில் குடாநாட்டை ஓடவைத்த மோட்டார் பட்டறைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. எழுதாதவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடனில் ஒரு பகுதியை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. புகையிரதம் நின்றது. தேசிய மின்வலைப்பின்னலில் இருந்து வந்த மின்சாரமும் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் முதலியவற்றை வடக்கிற்குக் கொண்டுசெல்ல அரசு தடை விதித்தது. பயணம் கிளாலிக் கடனீரேரியில் இரவு வள்ளங்களுக்குச் சுருங்கியது. ஒரு லொறிக்குத் தேவையான பற்சில்லை வள்ளத்தில் கொண்டுவருவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். ஆகவே ஒரு லொறியின் உதிரிப்பாகக் கடை இன்னொரு லொறிதான் என்ற நிலை வந்தது.

ஆனால் இந்தக் கைத்திறன் 1990 இல் தொடங்கியதல்ல. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பழைய வண்டியைக் காப்பாற்றுவதே நாடு முழுவதும் பட்டறைகளின் தொழிலாக இருந்தது. மற்ற ஊர்களுக்கு 1977 உடன் முடிந்த அந்தப் பாடசாலை, யாழ்ப்பாணத்துக்கு 1990 இல் மறுபடி திறந்தது.

1992 இல் தென்மராட்சியில், சாவகச்சேரிக்கு அண்மையிலிருந்த ஒரு பட்டறையில் அந்தக் காட்சியைக் கண்டேன். மாமரத்தின் கீழே இரண்டு பெட்போர்ட் லொறிகள் நின்றன. பெட்போர்ட் என்பது, ஜெனரல் மோட்டர்ஸ் 1925 இல் வாங்கிய வோக்ஸ்ஹோல் நிறுவனம், இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931 முதல் செய்த லொறிகளின் பெயர். நின்றவற்றில் மூத்தது 1939 இல் அறிமுகமான ‘ஓ’ வகை. இளையது 1958 இல் வந்த ‘ஜே’ வகை. மூத்தது ஆனையிறவு உப்பளத்தில் உப்பு ஏற்றியே தேய்ந்தது. அதன் எஞ்சின் இறுகிப்போயிருந்தது, செசியின் பின்பாதியை உப்பு தின்றிருந்தது. இளையதின் முகப்பை எறிகணை சிதைத்திருந்தது. ஆனால் எஞ்சினும் கியர்பெட்டியும் பின்பாதியும் தப்பியிருந்தன.

“ரண்டு பிரேதத்திலையிருந்து ஒரு மாப்பிள்ளை எடுக்கிறம், தம்பி” என்றார் பட்டறைக்காரர். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தனர்.

மூத்ததின் முன்பாதி, இளையதின் எஞ்சினும் பின்பாதியும். சொல்வதற்கு எளிது. லொறியின் செசி என்பது நீளவாக்கில் ஓடும் இரண்டு உருக்குச் சட்டங்கள். அவற்றைக் குறுக்கே நேராக வெட்டி ஒட்டினால், பாரம் ஏறிய முதல் நாளே அந்த இடத்தில் முறியும். ஆகவே சாய்வாக வெட்டி, உள்ளே நீண்ட தகடு கொடுத்துப் பொருத்த வேண்டும். மின்சாரமில்லாததால் மின்னொட்டு இல்லை. அது ஒருவகையில் நல்லதாயிற்று. அளவு தவறிய சூடு சட்டத்தின் வலுவைக் கெடுத்துவிடும். மாஸ்டரும் இரண்டு பையன்களும் கைத்துறப்பணத்தால் துளையிட்டனர். சிரட்டைக்கரி உலையில் ஆணிகளைப் பழுக்கக் காய்ச்சி அறைந்தனர். தகடுகள் ஓடாத புகையிரதப் பாதையிலிருந்து வந்த இரும்பு.

சட்டங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க அவரிடம் இருந்த கருவி ஒரு மீன்பிடி நூல். முன்வலது மூலையிலிருந்து பின்னிடது மூலைக்கும், முன்னிடதிலிருந்து பின்வலதுக்கும் நூலைப் பிடித்தார். இரண்டும் சமமானால் செசி சதுரம். இல்லாவிட்டால் வண்டி வீதியில் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும். அரை விரற்கடை வித்தியாசத்துக்காக ஒரு பகல் முழுவதும் ஆணிகளைக் கழற்றிப் பூட்டியதைக் கண்டேன். பிறகு எஞ்சினின் புதிய இருக்கைக்கு ஏற்பச் சுழல்தண்டைக் குறுக்கினார்கள்.

அடுத்தது எரிபொருள். பெற்றோல் துளித்துளியாகவே கிடைத்தது. பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் குளிராகக் கிளம்பாது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எஞ்சின் தட்டாதிருக்க, தலைப்பகுதியின் கீழே இரட்டை கஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார் மாஸ்டர். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்வதால், ஒயிலை அடிக்கடி மாற்றவும் சொன்னார். மாற்ற ஒயில் எங்கே என்று உரிமையாளர் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

கடைசியில் எழுந்தது இலக்கத் தகட்டுப் பிரச்சினை. மூத்த லொறிக்கு ‘சிஎல்’ என்ற பழைய ஆங்கில எழுத்து இலக்கம். இளையதற்குச் சிங்கள ‘ஸ்ரீ’ இலக்கம். அந்த ஓர் எழுத்தின் வரலாறு சிறியதல்ல. 1958 இல் ஸ்ரீ இலக்கத்துடன் பேருந்துகள் வடக்கே வந்தபோது தமிழர்கள் அதன்மீது தார் பூசினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதத்தில் கலவரம் வெடித்தது.

உரிமையாளர் ஸ்ரீ இலக்கத்தையே விரும்பினார். அந்த வண்டியின் புத்தகம்தான் புதியது என்பது அவர் காரணம். மாஸ்டர் மறுத்துவிட்டார். 1958 இல் தார் வாளி தூக்கியவர்களில் தானும் ஒருவர் என்று முன்பே சொல்லியிருந்தார் என்பதால், காரணம் அதுதானோ என்று கேட்டேன்.

“எழுத்தை நான் பாக்கேல்லை, தம்பி. இலக்கம் அடிச்ச செசி எதுவோ, அதுதான் வண்டி. மற்றதெல்லாம் உடுப்பு” என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் வெறுமையாகியபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்த இலட்சக்கணக்கானோருக்கிடையே அந்த லொறியும் வந்தது. மழையில் அதன்மேல் நடக்க முடியாத முதியவர்கள் இருந்தனர். ஆணியறைந்த அந்தப் பொருத்து எத்தனை பேரைத் தாங்கியது என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை.

2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமானது. பட்டறையும் போயிற்று. லொறி வடமராட்சியில் நின்றதால் தப்பியது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் உரிமையாளர் அதில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். செய்தி சேகரிக்க நானும் கூட இருந்தேன். ஒரு சோதனைச் சாவடியில் புத்தகத்தைப் பார்த்த அதிகாரி, எஞ்சின் இலக்கம் ஒத்துவரவில்லை என்றார். செசி இலக்கம் சரியாக இருந்தது. மாஸ்டரின் பிடிவாதத்தின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுபுறம் நடந்திருந்தால் அது திருட்டு வண்டியாகியிருக்கும். அன்று வண்டி திருப்பி அனுப்பப்பட்டது, பறிமுதலாகவில்லை.

2009 இற்குப் பின் பழைய வாகனங்களைத் தேடித் தெற்கிலிருந்து சேகரிப்பாளர்கள் யாழ்ப்பாணம் வந்தனர். அந்த லொறியைச் சுற்றிப் பார்த்த ஒருவர், “அசல் இல்லை” என்று உதட்டைப் பிதுக்கினாராம். முன்பாதிக்காக மட்டும் அதை வாங்கினார். பொருத்துத் தகடுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின.

அவர் சொன்னது அவர் அளவில் சரி. லூட்டனில் அந்த லொறி அவ்வாறு பிறக்கவில்லை. ஆயினும் அந்தத் தகடுகளில்தான் 1990 முதல் 1995 வரையிலான யாழ்ப்பாணம் இருந்தது: வராத மின்சாரம், ஓடாத புகையிரதம், கிடைக்காத பற்சில்லு எல்லாம். அவற்றைக் கழற்றியபின் எஞ்சியது ஓர் ஆங்கில லொறி. அத்தகையவை உலகில் வேறும் உண்டு.

1992 இல் இதை நான் செய்தியாக எழுதவில்லை. அன்றைய போர்ச் செய்திகளுக்கிடையே பட்டறைக்கு இடமில்லை என்று நானே தீர்மானித்தேன். மாஸ்டர் இப்போது இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பட்டறை இருந்திருக்கும். அதில் வேலை செய்த பையன்களில் எவராவது ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கக்கூடும். அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த வண்டியின் எந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல இன்னும் அவர்கள் இருக்கிறார்கள்.