போனை எடுப்பது: கொக்கியிலிருந்து கண்ணாடி வரை

"போன் அடிக்குது, யாராவது எடுங்களேன்" என்று இன்றைக்கும் வீட்டில் சொல்கிறோம். ஆனால் எடுப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. ரிசீவர் போய்விட்டது, அதைத் தாங்கிய கொக்கியும் போய்விட்டது. சொல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

நம் வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. "மணி அடிக்குது சார், பச்சையைத் தொடறேன், ஒண்ணும் ஆகலை. இன்னொரு தடவை தொடறதுக்குள்ள நின்னுடுது." சில நாள் முதல் முயற்சியிலேயே எடுபடும். சில நாள் நான்கு தரம் தேய்த்தாலும் அசையாது. வெளியூரில் இருக்கும் பிள்ளை பதறிப் போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவான். கடைசியில் "அப்பாவுக்குப் போன் எடுக்கவே தெரியலை" என்று ஒரு பெயர் நிலைத்துவிடும். அழைப்பை ஏற்பது என்ற சின்னச் செயல் இத்தனை வருடங்களில் எப்படியெல்லாம் மாறி வந்தது என்று பார்த்தால், அந்தப் பெயர் எவ்வளவு அநியாயமானது என்று புரியும்.

கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876 மார்ச்சில். ஆறே ஆண்டுகளில் அது நம் ஊருக்கு வந்துவிட்டது. 1882 ஜனவரி 28 அன்று ஓரியண்டல் டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுகள் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் முறைப்படி தொடங்கின. மதராஸ் எக்ஸ்சேஞ்ச் இருந்தது ஜார்ஜ் டவுனில், எர்ரபாலு செட்டித் தெருவில்.

அந்தக் காலத்துச் சுவர் போன்களில் கேட்கும் குழல் ஒரு கொக்கியில் தொங்கும். குழலின் எடை கொக்கியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். குழலை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கொக்கியை மேலே தள்ளும், இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும். போன் எடுபட்டாயிற்று. பின்னால் வந்த கறுப்பு மேஜை போனில் கொக்கிக்குப் பதிலாக இரண்டு சின்னக் குமிழ்கள் வந்தன. வேலை என்னவோ அதேதான்.

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் எக்ஸ்சேஞ்ச் எப்போதும் 48 வோல்ட் நேர் மின்சாரத்தை வைத்துக் காத்திருக்கும். அழைப்பு வந்தால் அதே கம்பியில் சுமார் 75 வோல்ட் மாறு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். இரண்டு முறை அடித்து, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி இரண்டு முறை அடிக்கும் நம் ஊர் 'ட்ரிங் ட்ரிங்' அதுதான். மணிக்கு முன்னால் உள்ள கண்டன்சர் மாறு மின்சாரத்தை மட்டும் விடும், நேர் மின்சாரத்தைத் தடுக்கும். நீங்கள் ரிசீவரைத் தூக்கியதும் கம்பிச் சுற்று முழுமையாகி நேர் மின்சாரம் ஓடத் தொடங்கும். "ஆள் வந்துவிட்டார்" என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொண்டு மணியை நிறுத்திப் பேச்சை இணைத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எடுக்கிற கை ஈரமா, காய்ந்ததா, எண்ணெய்ப் பிசுக்கா என்று அந்தக் கருவி கேட்கவில்லை. கண் தெரியாதவர் எடுக்கலாம், கை நடுங்குகிறவர் எடுக்கலாம், ஐந்து வயதுக் குழந்தையும் எடுக்கலாம். எடுத்தால் எடுத்ததுதான். புவி ஈர்ப்பும் ஒரு ஸ்பிரிங்கும் செய்த வேலை அது. தகட்டில் தூசி படிந்து கோளாறு வந்தாலும் லைன்மேன் வந்து துடைத்துவிட்டுப் போவார். "உங்களுக்கு எடுக்கத் தெரியவில்லை" என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

செல்போன் வந்தபோது எடுப்பது அழுத்துவதாக மாறியது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு டில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. ஆரம்ப வருடங்களில் வருகிற அழைப்பை ஏற்றாலும் காசு. அதனால் எண்ணைப் பார்த்துவிட்டு, எடுக்காமல், பக்கத்துக் கடை ஒரு ரூபாய் போனிலிருந்து திருப்பி அழைத்தவர்கள் நம்மில் பலர். 2003 மே மாதம் அழைப்பவரே கட்டணம் கொடுக்கும் முறை வந்த பிறகுதான் மனதில் கணக்குப் போடாமல் செல்போனை எடுக்க ஆரம்பித்தோம்.

அந்தப் போன்களில் பட்டன் இருந்தது. அழுத்தினால் விரலுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சிறு அசைவு தெரியும். பார்க்காமலே, சட்டைப் பைக்குள்ளேயே எந்தப் பட்டன் என்று தடவிக் கண்டுபிடிக்கலாம். மோட்டோரோலா 1996இல் கொண்டுவந்த ஸ்டார்டாக் போன்ற மடக்குப் போன்களில் மூடியைத் திறந்தாலே அழைப்பு எடுபடும். கொக்கியின் பேரன் என்று அதைச் சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை திறந்து லட்சம் லட்சமாகப் போன் செய்ததும் இந்தப் பட்டன் காலத்தில்தான்.

அடுத்து வந்தது கண்ணாடி. தொடுதிரை நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில் இருந்த அரசு ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் இ.ஏ. ஜான்சன் என்ற பொறியாளர் 1965இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காக அவர் யோசித்தது அது. 1970களில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக் கூடத்தில் பிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் என்ற இருவர் தங்கள் பெரிய துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தொடுதிரை அமைத்தார்கள். இரண்டுமே பயிற்சி பெற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக வேலை செய்வதற்கானவை. அடுப்படியிலிருந்து ஓடி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தொடுகிறவருக்காக அவை உருவாகவில்லை.

தொடுதிரையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று அழுத்தத்துக்கு வேலை செய்வது. அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் 1970களில் உருவாக்கிய வகை இது. மேலும் கீழுமாக இரண்டு படலங்கள் இருக்கும், அழுத்தினால் ஒன்றோடொன்று தொடும். நகம், பென்சில், கையுறை எதுவானாலும் சரி. 1994இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் என்ற முதல் தொடுதிரைப் போனும் அழுத்தும் வகைதான். இன்னொன்று, 2007இல் ஐபோன் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவிய வகை. நம் கையில் இருப்பது இதுதான். இதற்கு அழுத்தம் தேவையே இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஒன்று மிக மெல்லிய மின்புலத்தை வைத்திருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் அருகில் வந்ததும் அந்த மின்புலம் கொஞ்சம் குறையும். எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டு, "இது விரல்தான்" என்று போன் முடிவு செய்கிறது.

நம் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கொக்கி யோசிக்கவில்லை, இது யோசிக்கிறது. வயதானால் விரல் நுனி வறண்டு போகும். வாழ்நாளெல்லாம் வேலை செய்த கையென்றால் காய்த்தும் இருக்கும். அப்போது மின்புலத்தில் மாற்றம் குறைவாகவே தெரியும், "விரல் இல்லை" என்று போன் விட்டுவிடும். கை நனைந்திருந்தால் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் எது விரல், எது சொட்டு என்று குழம்பும். நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டன் கேட்கவில்லையென்றால் இன்னும் பலமாக அழுத்துவோம். நாற்பது வருடம் கை கற்ற பாடம் அது. கண்ணாடியில் பலமாக அழுத்தினால் விரல் அதிக நேரம் தங்கும், கொஞ்சம் உருளும். தொடுவதையும் இழுப்பதையும் எதிர்பார்க்கிற போன் அதை வேறு ஏதோ என்று எடுத்துக்கொள்ளும்.

ஏன் இழுக்கச் சொல்கிறார்கள்? கண்ணாடியில் மேடு பள்ளம் இல்லை. வெறும் தொடலுக்கே அழைப்பு எடுபடும் என்று வைத்தால், பைக்குள் தொடையில் உரசினாலே எடுபட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் பூட்டிய திரையில் இழுக்கும் ஏற்பாடு. காரணம் சரிதான். ஆனால் ஒரு போனில் மேலே இழுக்க வேண்டும், இன்னொன்றில் பக்கவாட்டில், மற்றொன்றில் பச்சை வட்டத்தை அதன் இடத்திலிருந்து வெளியே நகர்த்த வேண்டும். அதே போனில் திரை பூட்டாமல் இருந்தால் இழுக்க வேண்டியதில்லை, மேலே சின்னதாக வரும் பட்டையில் தட்டினால் போதும். ஒரு புதிய பதிப்பு வந்தால் இதுவும் மாறலாம்.

இதற்கெல்லாம் நமக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 2019 நவம்பரில் டிராய் ஆணையம் ஒரு வரையறை செய்தது. யாரும் எடுக்காத அழைப்பில் லேண்ட்லைனில் 60 வினாடி மணி அடிக்க வேண்டும், செல்போனில் 30 வினாடி. தூக்கினால் போதும் என்றிருந்த கருவிக்கு ஒரு நிமிடம். தேடி எடுத்து, கண்ணாடி போட்டு, திசை பார்த்து இழுக்க வேண்டிய கருவிக்கு அரை நிமிடம்.

சரி, செய்யக்கூடியது என்ன? எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கோளாறு கண்ணாடியிலா, அழைப்புத் திரையிலா என்று பிரித்துப் பாருங்கள். எண்கள் போடும் பலகையைத் திறந்து 1 முதல் 9 வரை, பிறகு ஸ்டார், பூஜ்யம், ஹேஷ் என்று எல்லாவற்றையும் தட்டுங்கள். ஒரு வரிசை மட்டும் எப்போதுமே கேட்கவில்லையென்றால் திரையே பழுது, கடைக்குத்தான் போக வேண்டும். எல்லாம் ஒழுங்காகக் கேட்கிறது, அழைப்பு வரும்போது மட்டும் தகராறு என்றால் காரணம் வேறு.

சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அடம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். மட்டமான சார்ஜர் மின் இரைச்சலைத் திரைக்குள் அனுப்பும். வயரைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டால் குற்றவாளி சார்ஜர்தான். அடுத்தது மேலே ஒட்டிய ஸ்கிரீன் கார்டு. ஓரம் தூக்கியிருந்தாலும், உள்ளே காற்றுக் குமிழ் இருந்தாலும், அளவுக்கு மீறித் தடித்திருந்தாலும் மின்புலம் விரலை எட்டாது. அதை எடுத்துவிட்டு ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். சாம்சங் போன்ற சில போன்களில் திரையின் தொடு உணர்வைக் கூட்டும் வசதி டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இருக்கிறது. வறண்ட விரலென்றால் துளி ஈரம் போதும், ஈர விரலென்றால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். எப்படியானாலும் அழுத்தாமல், நெற்றியில் விபூதி இடுவது போல லேசாக இழுங்கள்.

வாரம் ஒரு முறை போனை அணைத்துப் போடுங்கள். படங்களும் வீடியோக்களும் நிரம்பி வழியும் போனில் அழைப்புத் திரை வருவதற்கே நேரமாகும். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள் இரண்டு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று திரையை மறைக்கும். ஒன்றை நீக்கிவிடுங்கள்.

முக்கியமானது கடைசியில். கண்ணாடியைத் தொடாமலே அழைப்பை எடுக்க வழிகள் இருக்கின்றன. சாம்சங் போன்களில் கால் செட்டிங்ஸில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்கும் தேர்வு உண்டு. கூகுள் போன் செயலியின் புதிய பதிப்புகளில் இழுப்பதா, ஒரே தட்டா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் அக்சஸிபிலிட்டி பகுதியில், சில வினாடி கழித்துத் தானாகவே எடுபடச் செய்யும் ஏற்பாடு இருக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் நாம் அறியாமலே வீட்டுப் பேச்சு வெளியே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வயர் உள்ள இயர்போனில் இருக்கும் சின்னப் பட்டனும் அழைப்பை எடுக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய ஞாபகத்தில் பக்கவாட்டுப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். பெரும்பாலான போன்களில் அது மணியை மட்டும் நிறுத்தும், அழைப்பு எடுபடாது.

அடுத்த முறை மகனோ பேத்தியோ ஊருக்கு வரும்போது "எனக்குப் போன் எடுக்கச் சொல்லிக் கொடு" என்று கேட்காதீர்கள். "இதில் பட்டனால் எடுக்கிற மாதிரி வைத்துக் கொடு" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. அவர்கள் கிளம்புவதற்கு முன், பக்கத்து அறையிலிருந்து இரண்டு மூன்று முறை அழைக்கச் சொல்லி நீங்களே எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.