படத்தோடு வந்த ஒரு வரி

1993 பிப்ரவரி. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்துவந்த மாணவர் மார்க் ஆண்ட்ரீசனுக்கு வயது 21. எழுத்தாகவே கிடந்த வலைப்பக்கத்தில் படம் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கென ‘இமேஜ்’ குறிச்சொல்லை முன்மொழிந்தார். படம் இருக்கும் முகவரியைக் கொடுத்தால் போதும். வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ உட்படப் பலர் வேறு யோசனைகள் சொன்னார்கள். இளங்கன்று கேட்குமா? சில மாதங்களில் மொசைக் உலவி படங்களோடு வந்து ஊரைக் கலக்கியது. ஆனால், அந்தக் குறிச்சொல்லில் ஓர் ஓட்டை இருந்தது.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லின்க்ஸ் உலவிக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். படம் வரவேண்டிய இடத்தில் ‘இமேஜ்’ என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் படம்தான் அடுத்த பக்கத்துக்கான வாசல் என்றால்? ஓட்டையை அடைக்க, படத்தோடு ஒரு வரி எழுத்தும் சேர்க்க வழி செய்தார்கள். 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 தரநிலையில் அது இடம்பிடித்தது. கருவியால் காட்ட முடியாவிட்டாலோ, பயனர் விரும்பாவிட்டாலோ படத்துக்குப் பதில் இந்த வரி என்றது விளக்கம். கண் தெரியாதவர் பற்றி அங்கே பேச்சில்லை. 1997 டிசம்பரில், எச்டிஎம்எல் 4.0 அதைக் கட்டாயமாக்கியது. கட்டாயம்தான், காகிதத்தில். அதை உரசிப் பார்க்க ஒருவர் வந்தார்.

சிட்னியைச் சேர்ந்த புரூஸ் மக்வையர் பிறவியிலேயே பார்வையற்றவர். திரையில் உள்ள எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் கருவியை விரலால் தடவிப் படிப்பார். 2000 ஒலிம்பிக்கின் இணையதளத்தில் அந்த ஒரு வரி இல்லாத படங்கள் வந்த இடங்களில் அவர் விரலுக்கு ஒன்றும் சிக்கவில்லை. 1999-ல் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். திருத்த வேண்டுமானால் ஒரு ஆளுக்கு 368 நாள் பிடிக்கும், செலவு தாங்காது என்றது போட்டி அமைப்புக் குழு. சிறு குழு நான்கு வாரத்தில் முடித்துவிடும் என்றார் மக்வையர் தரப்பு நிபுணர். போட்டி தொடங்க மூன்று வாரம் இருக்கையில், 2000 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு மக்வையர் பக்கம். தொடக்க நாளுக்குள் தளத்தைச் சரிசெய்ய உத்தரவு. குழு முழுதாகச் செய்யவில்லை.

நவம்பரில், பதக்கங்களெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தபின், மக்வையருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது ஆணையம். அந்த வழக்கில் முதல் கோரிக்கையாக நின்றது, சமூக வலைதளப் படங்களின் மூலையில் இன்று சின்னதாக ஒட்டியிருக்கும் ‘ஆல்ட்’ எனும் அந்த ஒரு வரி.