காரைக்குடிக் கணக்கும் நம் கணக்கே

விழா மலருக்கு வரலாறு எழுத உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தொடக்க ஆண்டை. ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் அணிக்கு அது எந்த ஆண்டு? நம் ஊர்ப் பெயரோடு அணி களம் இறங்கியது 2021-இல். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற டி.என்.பி.எல். கோப்பையை வென்றது 2025-இல். இந்த ஐந்து சீசன்களை மட்டும் எழுதினால் வேலை சுலபம், படிக்கவும் சுகமாக இருக்கும். நான் 2016-இலிருந்து எழுதுகிறேன். முதல் நான்கு சீசன்களும் காரைக்குடியின் பெயரில் ஆடப்பட்டவை என்பதற்காக அவற்றை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல். போட்டியைத் தொடங்கியது 2016 ஆகஸ்டில். சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு ஆண்டுத் தடையில் இருந்த காலம் அது. எட்டு அணிகளுக்கும் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்கள், ஆடுகிறவர்களும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களே. ஐட்ரீம் நிறுவனத்தின் அணிக்குக் காரைக்குடி காளை என்று பெயர் வைத்தார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிற மண்ணுக்குப் பொருத்தமான பெயர். முதல் ஆண்டில் சுப்பிரமணியம் பத்ரிநாத் தலைமை தாங்கினார். தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் ஆண்டுக்கணக்கில் ரன் குவித்தவர், இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர். அப்படி ஒருவர் கையில் தொடங்கிய அணி இது.

காளை 2017-இலும் 2018-இலும் முதல் நான்கு அணிகளுக்குள் வந்தது. இறுதி ஆட்டத்தை ஒரு முறையும் எட்டவில்லை. 2016-இலும் 2019-இலும் லீக் சுற்றோடு திரும்பியது. கோப்பை வெல்லாத அணியின் ஆண்டுகளை யாரும் தேடிப் படிப்பதில்லை என்பது தெரியும். ஆனால் சீசன்தோறும் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசியவர்கள், ஸ்கோர் எழுதியவர்கள், பனிபடர்ந்த பந்தைத் துடைத்துத் துடைத்து வீசிய சுழற்பந்து வீச்சாளர்கள் எல்லாரும் அந்த நான்கு ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறார்கள். ஸ்ரீகாந்த் அனிருத்தா காளையிலும் ஆடினார், பிறகு தமிழன்ஸ் அணியிலும் ஆடினார். அவர் எடுத்த ரன்களை இரண்டு ஏடுகளில் பிரித்து எழுத முடியுமா?

பெயர் மாற்றம் நடந்தது 2020 சீசனையொட்டி. அந்த சீசன் கொரோனாவால் நடக்கவேயில்லை. 2021-இல் முழுத் தொடரையும் சேப்பாக்கத்தில் ரசிகர்களை அனுமதிக்காமல் நடத்தினார்கள். ஆக, திருப்பூர் என்ற பெயர் இந்தப் போட்டியில் முதன்முதலாக ஒலித்தது ஆளில்லாத கேலரிகளுக்கு முன்னால்.

அணி வந்த வழி நம் ஊருக்குப் புதியதல்ல. சிவகங்கை, ராமநாதபுரம், மதுரை, தேனிப் பக்கமிருந்து ஒரு பையோடு வந்து இறங்கி, கைமடிக்கப் பழகி, அப்புறம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து, வாடகை வீடு பிடித்து, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களிடம் சொந்த ஊரைக் கேட்டால் சொந்த ஊரைத்தான் சொல்வார்கள். அதனால் அவர்கள் திருப்பூர்க்காரர்கள் இல்லை என்று ஆகிவிடாது. அணியில் நம் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருகிறார்கள், மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் வருகிறார்கள். வந்து வேலை பார்க்கிறவரை ஏற்றுக்கொள்வது இந்த ஊரின் குணம்.

திருப்பூர் பெயரில் ஆடிய முதல் மூன்று சீசன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021, 2022, 2023 மூன்றிலும் முதல் நான்குக்குள் வரவில்லை. 2023 ஜூன் 12 அன்று கோவையில் நடந்த தொடக்க ஆட்டம் மட்டும் மறக்கக் கூடாதது. கோவை கிங்ஸ் 179 ரன். அதில் சாய் சுதர்சன் மட்டும் 45 பந்தில் 86. நாம் 109 ரன்னில் சுருண்டோம். பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் வாங்கிய அடி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.

அந்த 2023-ஆம் ஆண்டுதான் டி.என்.பி.எல்.-இல் ஏலமுறை வந்தது. முதல் ஏலத்தில் சாய் கிஷோரை நம் அணி 13 லட்சத்துக்கு எடுத்தது. 2024 ஏலத்தில் அவரையே 22 லட்சத்துக்கு மீண்டும் எடுத்தது. வேகப்பந்து வீச்சாளர் நடராஜனையும் 11.25 லட்சத்துக்குச் சேர்த்துக்கொண்டது. ஒரு மாதப் போட்டிக்கு இவ்வளவா என்று பனியன் கம்பெனி வாசலில் பேசிக்கொண்டார்கள். சாய் கிஷோர் அந்த ரஞ்சி சீசனில் தமிழ்நாட்டுக்குத் தலைமை தாங்கி அரையிறுதி வரை கொண்டுபோனவர், நாட்டிலேயே அதிகமாக 53 விக்கெட் எடுத்தவர். அந்தப் பணம் தகும் என்று அன்றே நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆட்டக்காரருக்குக் கூலி என்ற விஷயத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அது இங்கே அதிகம் பேசப்படாததால் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரும் லங்காஷயரும் கம்பளி ஆலைகளும் பஞ்சாலைகளும் நிறைந்த பகுதிகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ரக்பி ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பையாவது ஈடு செய்யுங்கள் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. லண்டனில் இருந்த ரக்பி சங்கம் மறுத்தது. பணம் வாங்காமல் ஆடுவதே கண்ணியம் என்பது அவர்கள் வாதம். கூலியை நம்பிப் பிழைக்காதவர்கள் அப்படிச் சொல்வது எளிது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு என்ற கம்பளி நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனி அமைப்பு கண்டன. நாள் ஒன்றுக்கு 6 ஷில்லிங் வரை கூலி இழப்பு தரலாம் என்று வகுத்துக்கொண்டன. பிறகு அணிக்கு 13 பேர் என்று விதியையே மாற்றி, ரக்பி லீக் என்ற தனி ஆட்டமாக வளர்ந்தது அது. பஞ்சு நூற்பில் உலகத் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஓல்டமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளக் கவரை எண்ணுகிற ஊரில் இருப்பவர்களுக்கு அந்த 6 ஷில்லிங்கின் அருமை விளக்கத் தேவையில்லை.

2024-இல் நிலைமை மாறியது. லீக்கில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தோம். முதல் தகுதிச் சுற்றில் கோவையிடம் தோல்வி. இரண்டாவது தகுதிச் சுற்றில் திண்டுக்கல் டிராகன்ஸ். 108 ரன்னுக்கு ஆட்டமிழந்தோம். அவர்கள் கேப்டன் அஸ்வின் தொடக்க வீரராக இறங்கி 30 பந்தில் 69 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஒன்பது விக்கெட் வித்தியாசம். திண்டுக்கல் அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது.

அடுத்த சீசனை இந்தத் தோல்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2025 ஜூன் 8, கோவை ராமகிருஷ்ணா கல்லூரி மைதானம். அதே திண்டுக்கல், அதே அஸ்வின் தலைமை. எசக்கிமுத்துவின் வேகத்தில் அவர்கள் 93 ரன்னில் முடிந்தார்கள். துஷார் ரஹேஜா 39 பந்தில் 65 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, எட்டு ஓவருக்கு மேல் மிச்சம் வைத்து ஒன்பது விக்கெட்டில் வென்றோம். லீக்கில் ஏழு ஆட்டத்திலும் வென்று முதலிடத்தில் இருந்த சேப்பாக் சூப்பர் கில்லீஸை முதல் தகுதிச் சுற்றில் 79 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினோம். அந்த அணி ஒரு முறை பகிர்ந்ததையும் சேர்த்து நான்கு கோப்பைகள் பார்த்தது.

இறுதி ஆட்டம் ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். எதிரணி திண்டுக்கல், அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். தொடக்க ஜோடி அமித் சாத்விக்கும் ரஹேஜாவும் 121 ரன் சேர்த்தார்கள். சாத்விக் 34 பந்தில் 65, ரஹேஜா 46 பந்தில் 77. இருபது ஓவரில் 5 விக்கெட்டுக்கு 220. பதிலுக்கு ஆடிய நடப்புச் சாம்பியன் 14.4 ஓவரில் 102 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. 118 ரன் வித்தியாசம். ஓர் இறுதி ஆட்டம் இவ்வளவு முன்னதாகவே முடிவு தெரிந்துபோனால் பார்ப்பவர்களுக்குச் சுவை குறைவு என்பார்கள். நமக்கு ஒவ்வொரு விக்கெட்டும் இனித்தது. ஒன்பது ஆட்டத்தில் 488 ரன் எடுத்த ரஹேஜா தொடர் நாயகன். கீப்பிங்கும் அவரே. சாய் கிஷோர் கோப்பையைத் தூக்கினார்.

ஆக, ஐட்ரீமின் அணி ஒன்பது சீசன் ஆடியிருக்கிறது. நான்கு முறை முதல் நான்குக்குள், ஒரே ஓர் இறுதி ஆட்டம், ஒரு கோப்பை. காரைக்குடி ஆண்டுகளை வெட்டிவிட்டால் இதே வரி ஐந்து சீசன், இரண்டு முறை என்று ஆகும். பார்க்க அழகாக இருக்கும், உழைப்பின் நீளம் மட்டும் காணாமல் போகும். பெயரோ ஊரோ மாறிய கிளப்புகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு வழி இருக்கிறது. சிட்னியின் பால்மெயின், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற இரண்டு பழைய ரக்பி லீக் கிளப்புகள் சேர்ந்து 2000-இலிருந்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆயின. பால்மெயினின் 11 கோப்பைகள் பால்மெயின் பேரிலேயே நிற்கின்றன. புதிய அணியின் கணக்கு 2005-இல் வென்ற ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதே 2005-இல் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கோப்பையை வென்ற சிட்னி ஸ்வான்ஸ் வேறு வழி. தெற்கு மெல்பர்னிலிருந்து 1982-இல் குடிபெயர்ந்த அந்தக் கிளப், பழைய ஊரில் 1909, 1918, 1933-இல் வென்றவற்றையும் தன் பட்டியலில் பெருமையாக வைத்திருக்கிறது. எனக்கு ஸ்வான்ஸ் வழிதான் சரியாகப் படுகிறது. நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. 2016-இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் இன்று சேலம் ஸ்பார்ட்டன்ஸ். அந்த வெற்றியைத் தூத்துக்குடியும் மறக்கக் கூடாது, சேலமும் மறக்கக் கூடாது.

பெயர் மாறுவது எவ்வளவு எளிது என்பது ஜெர்சி தைக்கிற ஊருக்குத் தெரியும். வெள்ளை பாலியஸ்டர் துணியைக் கட்டிங் மாஸ்டர் முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாக வெட்டி வைத்திருப்பார். டிசைனைக் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சடித்து, துணிமேல் கவிழ்த்து, 200 டிகிரிச் சூட்டில் அழுத்துவார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம்தான். காகிதத்திலிருந்த மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பருத்தித் துணியில் இது பிடிக்காது என்பதால்தான் பருத்திக்குப் பேர்போன ஊரும் பாலியஸ்டர் பழகியது. அழுத்தும் வரைக்கும் எந்தப் பெயரையும் மாற்றலாம். அழுத்திய பின் மாற்ற முடியாது. காளை என்று அச்சான ஜெர்சிகள் எங்கேயாவது ஓர் அலமாரியில் இருக்கத்தான் செய்யும். அவற்றைத் தேடிப் பிடித்து, 2016 முதலான ஸ்கோர் தாள்களோடு, ஏலத் தாள்களோடு, நம் ஊரில் ஓரிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஃபிரான்சைஸ் அணிக்கு நிரந்தர விலாசம் கிடையாது. நாளை இந்தப் பெயரே இன்னோர் ஊருக்குப் போகலாம். அப்படிப் போனால் 2025-ஐ அவர்கள் மறக்கக் கூடாது என்று கேட்க, காரைக்குடியை மறக்காதவர்களுக்குத்தான் உரிமை இருக்கும்.

ஒரு குறை மட்டும் மிச்சம். திருப்பூர் அணி திருப்பூரில் இன்றுவரை ஒரு டி.என்.பி.எல். ஆட்டம்கூட ஆடியதில்லை. காரைக்குடி காளையும் காரைக்குடியில் ஆடியதில்லை. இப்போட்டி நடக்கும் இடங்களைப் பாருங்கள். நத்தத்திலும் கோவையிலும் கல்லூரி மைதானங்கள், சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம், வாழப்பாடி பக்கத்தில் 2020-இல் திறந்த சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். நடராஜன் தன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியில் தானே ஒரு மைதானம் அமைத்து 2023-இல் திறந்தார். தனி ஒருவரால் ஒரு கிராமத்தில் முடிந்தது, ஏற்றுமதியில் பல்லாயிரம் கோடி பார்க்கிற ஊரால் முடியாதா? தேவை நல்ல டர்ஃப் பிட்ச், மழைத் தண்ணீர் வடிகிற நிலம், இரவு ஆட்டத்துக்கு விளக்குக் கம்பங்கள். டி.என்.பி.எல். இரவு ஆட்டம் 7.15-க்குத் தொடங்குகிறது. இப்போது அதைப் பார்க்க நம் தொழிலாளி சம்பளத்தை விட்டுவிட்டு 50 கிலோமீட்டர் தாண்டிக் கோவைக்குப் போக வேண்டும். மைதானம் இங்கேயே இருந்தால், ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர் இரண்டாவது இன்னிங்ஸையாவது முழுசாகப் பார்க்கலாம்.