ஓர் அட்டவணையின் வரலாறு

விஞ்ஞான வரலாறு என்றால் எங்களுக்குச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் கண்டுபிடிப்புக் கதைகள்தான். யாரோ ஒருவருக்குத் திடீரென்று ஏதோ பிடிபடும், உலகம் மாறிவிடும். இந்தக் கதையில் அப்படியொரு கணம் இல்லை. இதில் இருப்பது ஓர் அட்டவணை.

காபனீரொட்சைட்டை நீரில் கரைத்து உலோக மின்வாயினூடாக மின்னைச் செலுத்தினால், அது வேறு பொருளாக மாறும். 1870இலேயே நாக மின்வாயில் போமிக் அமிலம் கிடைத்ததாக றோயே என்பவர் அறிவித்திருந்தார். பிறகு வந்தவர்களும் பல உலோகங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் ஆளுக்கொரு கரைசல், ஆளுக்கொரு மின்னோட்டம். கரைசலில் தங்கியதை அளந்தவர்கள் பலர், வாயுவாக வெளியேறியதைக் கவனிக்கவில்லை. செலுத்திய மின்னில் ஒரு பங்கு எங்கே போனது என்று கேட்டால் பதில் இல்லை.

1985இல் யப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியும் கூட்டாளிகளும் செய்தது எளிமையான வேலை. உலோகத்தை மட்டும் மாற்றினார்கள், மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைத்தார்கள். திரவத்தையும் அளந்தார்கள், வாயுவையும் அளந்தார்கள். ஈயம், வெள்ளீயம் போமிக் அமிலத்தின் உப்பைத் தந்தன. பொன்னும் வெள்ளியும் காபனோரொட்சைட்டைத் தந்தன. இரும்பும் நிக்கலும் பெரும்பாலும் நீரிலிருந்து ஐதரசனைத்தான் வெளியேற்றின. செம்பு மட்டும் மெதேனைக் கணிசமான அளவில் தந்தது.

காரணம் பின்னர்தான் தெளிவானது. பொன்னும் வெள்ளியும் காபனோரொட்சைட்டைக் கெதியில் விட்டுவிடும், நிக்கல் விடாமல் பிடித்துக்கொள்ளும். செம்பு இடைநடுவில் நிற்பதால், அது மேலும் மாறுவதற்கு நேரம் கிடைக்கிறது.

இப்போது எல்லோருக்கும் அவசரம். ஒரே நாளில் பல உலோகக் கலவைகளைச் சோதிக்க விரும்புகிறார்கள். மின்னோட்டத்தை மட்டும் அளந்தால் வேகமாக முடிக்கலாம்தான். ஆனால் ஐதரசன் வந்தாலும் மின்னோட்டம் ஓடும், மெதேன் வந்தாலும் ஓடும். என்ன உருவானது என்று பார்க்காத வேகம் எங்களை ஏமாற்றிவிடும்.

2020இல் ரொறன்ரோ, கார்னகி மெலன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் செம்பு கலந்த 244 பளிங்குகளைக் கணினியில் வடிகட்டி, செம்பு–அலுமினியக் கலவையைத் தெரிவுசெய்தார்கள். ஆய்வுகூடத்தில் அது மின்னில் 80 வீதத்துக்கு மேல் எதிலீனாக மாற்றியது. கணினி தேடியது, காபனோரொட்சைட்டை எந்தக் கலவை அளவாகப் பிடிக்கும் என்பதை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது, செம்பைத் தனியாகக் காட்டிய அந்தப் பழைய அளவீடுகள்தான்.

எங்களைப் போன்ற கலைப்பீட ஆக்களுக்கு இதில் என்ன இருக்கு? அந்த அட்டவணையில் சரிவராத உலோகங்களும் இருக்கின்றன. இரும்பின் தோல்வியையும் நேர்மையாக எழுதி வைத்ததால்தான் செம்பின் வெற்றி தெரிந்தது. வென்றவரை மட்டும் எழுதும் வரலாறுகளைப் படித்துப் பழகிய நாங்கள், இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.