இந்த வயசுல ஓவியம் எதுக்கு சார்?



போன வாரம் நான் பதிவிட்ட நடுகல் பென்சில் படத்தைப் பார்த்துவிட்டு, "வரலாற்று வாத்தியாருக்கு இந்த வயசுல ஓவியம் எதுக்கு சார்?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நெடுங்காலம் அங்கே கைத்தொழில் பயிற்சிக்கே முதலிடம். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகு ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான்.

அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். படித்த இடத்திலேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரானார். பேரும் பதவியும் வந்தபின் பழைய பாணியிலேயே வரைந்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. 1963 வாக்கில், ஐம்பதைத் தாண்டிய வயதில், எண்களையும் கணிதக் குறிகளையும் எழுத்துகளையும் கொண்டு முற்றிலும் புதிய ஒரு வரிசையைத் தொடங்கினார். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அதைச் சொல்வார்கள்.

தன் கலையைக் கேள்வி கேட்டவர் தன் ஆசிரியப் பணியையும் கேட்டார். நம்மிடம் படித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டால், நாம் சொல்லிக்கொடுத்ததற்கு என்ன பயன்? அந்தக் கவலையின் விடைதான் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, மீதி நேரத்தில் வரைந்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

இனி என் கதை. ஓய்வு பெற்றபின் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு நோட்டோடு போனேன். நம் மாவட்டத்து நடுகற்களைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "ஆநிரை மீட்டு இறந்த வீரனுக்கு நட்ட கல்." ஒரே வரி. எழுதிக்கோ, அடுத்த பாடம்.

வரைய உட்கார்ந்தால் வில் பிடித்த கை வரவில்லை. அழித்தேன், மறுபடி போட்டேன், மறுபடி அழித்தேன். ஒரு மணி நேரம் அந்த வீரனைப் பார்த்த பிறகுதான், அவன் ஒரு வரி இல்லை, யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளை என்று உறைத்தது.

அப்போது இன்னொருவன் நினைவுக்கு வந்தான். இந்திய வரைபடத்தில் கடற்கரையைக் கோணலாக வரைந்துகொண்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் கோடு கிழித்து, "இது என்ன, கத்திரிக்காயா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பிறகு அவன் வரைபடமே கொண்டு வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அந்தத் தாளில் எத்தனை முறை அழித்த தடம் இருந்தது என்று அன்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஓவியம் எதுக்கு என்று கேட்டீர்கள். முப்பது வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன், இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதற்கு. பணிக்கர் வேலையில் இருக்கும்போதே அதைச் செய்தார். நான் தாமதம்.

உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் அதிகம். வரைவதோ, கோலம் போடுவதோ, வீணை கற்பதோ, உங்களுக்கு வராத ஒன்றை இப்போதே கையில் எடுங்கள். கத்திரிக்காய் வரைந்த தம்பி இதைப் படித்தால், சாரை மன்னித்துவிடு அப்பா. என் வீரனின் கையும் இன்னும் கோணல்தான்.